போடிமெட்டின் இரண்டு சரிவுகள்: ஓர் ஐஎஸ்ஓ ஃபைலின் கதை

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகிற ரோட்டில் முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள். அது முடிகிற இடம் போடிமெட்டு. அங்கே ஒரு செக்போஸ்ட். அதற்கு அந்தப் பக்கம் கேரளம், இடுக்கி மாவட்டம். போடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் ஜீப் ஜீப்பாக ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்கள் மேலே போவாங்க, சாயங்காலம் இறங்குவாங்க. மேலே விளைகிற காய், கீழே போடியில் இருக்கிற ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்திலும் விலை போகும், மேலே புற்றடியில் இருக்கிற மையத்திலும் விலை போகும். மலை ஒண்ணு, காய் ஒண்ணு, இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிற குடும்பங்கள். அண்ணன் பிள்ளை கீழே படிக்கும், தங்கச்சி பிள்ளை மேலே படிக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தச் செக்போஸ்ட் இருபது வருஷமாக இரண்டு உலகத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால் திரையில் என்ன வரும்? மேற்குப் பக்கம் லினக்ஸ் வரும். கிழக்குப் பக்கம் அநேகமாக விண்டோஸ் வரும். அந்த லினக்ஸோ யார் வேண்டுமானாலும் காசில்லாமல் டவுன்லோடு செய்துகொள்ளலாம். இணையத்துக்கு செக்போஸ்ட் கிடையாது. அப்படியிருந்தும் ஏன் ஒரு பக்கம் வேர் பிடித்தது, மறுபக்கம் பிடிக்கவில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கிடைக்கிறது’ என்பதும் ‘நம்ம கைக்கு வருகிறது’ என்பதும் வேறு வேறு. நடுவில் ஒரு ஆள் வேண்டும், ஒரு காரணமும் வேண்டும்.

முதலில், இமேஜ் என்றால் என்ன?

லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணப் போகிறவர் முதலில் சந்திப்பது ‘.iso’ என்று முடிகிற ஒரு பெரிய ஃபைல். (இதைத் தமிழில் ‘டாட் ஐஎஸ்ஓ’ என்றே எழுதுகிறேன்.) சிடியில் தகவலை எப்படி அடுக்க வேண்டும் என்று 1988-ல் வெளியான சர்வதேசத் தரத்தின் எண் ஐஎஸ்ஓ 9660. ஃபைலின் கடைசிப் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

ஒரு டேட்டா சிடியை 2048 பைட் கொள்கிற சின்னச் சின்ன கட்டங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை உள்ளதை ஒன்றுவிடாமல், அதே வரிசையில், ஒரே ஃபைலாக எழுதி வைத்தால் அதுதான் டிஸ்க் இமேஜ். சிடிக்குள் இருக்கும் ஃபைல்களின் தொகுப்பு என்று அதைச் சொல்ல முடியாது. அது சிடியின் அச்சு அசலான உருவம். அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் அந்த ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே இழுத்து சிடியில் போட்டு பர்ன் செய்தால் ஒன்றும் நடக்காது. சிடிக்குள் ஒரு ஃபைல் இருக்கும், அவ்வளவுதான். பர்ன் செய்கிற மென்பொருளில் ‘இமேஜை எழுது’ என்கிற தனி வழியில் போக வேண்டும். அப்போதுதான் கட்டத்துக்குக் கட்டம் விரிந்து உண்மையான சிடி ஆகும்.

அந்த சிடியிலிருந்து கம்ப்யூட்டர் நேராகக் கிளம்புவதும் ஆரம்பத்தில் இருந்த வசதி கிடையாது. பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் சேர்ந்து 1995 ஜனவரியில் ‘எல் டொரிட்டோ’ என்று ஒரு வரையறையை வெளியிட்டன. அதற்கப்புறம்தான் பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருள், சிடியையும் துவக்க வட்டாக ஏற்றுக்கொண்டது. அதுவரை முதலில் ஒரு பூட் ஃபிளாப்பி, பிறகு சிடி.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், லினக்ஸின் பரவல் முழுக்க இந்த ‘அச்சு அசல் நகல்’ என்கிற யோசனையின் மேல்தான் நிற்கிறது. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கெர்டிங் வெளியிட்ட முதல் ஸ்லாக்வேர், 24 ஃபிளாப்பி இமேஜ்களாக வந்தது. இணையத்திலிருந்து 24 ஃபைலை இறக்கி, 24 ஃபிளாப்பியில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றிப் போட வேண்டும். பதினேழாவது ஃபிளாப்பி படிக்காமல் போனால், அதை மறுபடி எழுதாமல் மேலே நகர முடியாது.

இலவசம்தான், ஆனால் வந்து சேராது

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்தார். அதன் முதல் புகழ்பெற்ற மென்பொருளான ஈமேக்ஸை அவர் 150 டாலருக்கு டேப்பில் எழுதி அஞ்சலில் அனுப்பினார். மென்பொருள் கட்டற்றது. காசு, டேப்புக்கும் எழுதித் தருகிற உழைப்புக்கும். இணையத் தொடர்பு இருந்தவர்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு டேப். ஆக, கட்டற்ற மென்பொருள் தொடங்கிய நாளிலிருந்தே அதற்கு ஒரு தபால் துறை தேவைப்பட்டிருக்கிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலைப் பற்றி முதலில் அறிவித்தது 1991 ஆகஸ்ட் 25. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. அதுவும் சில பெருநகரங்களில் மட்டும், நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில். கணக்குப் போட்டுப் பாருங்க. 700 எம்பி சிடி ஒன்றை அந்த வேகத்தில் இறக்க, லைன் ஒரு தடவைகூட அறுந்து போகாமல் இருந்தால், ஆறே முக்கால் நாள் ஆகும். பிறகு வந்த 56 கிலோபிட் மோடத்தில், காகிதக் கணக்கில் 28 மணி நேரம். அவ்வளவு நேரமும் வீட்டு போன் பிஸி, மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சிடிக்கே இந்தக் கதை. 2003-ல் வந்த ரெட் ஹேட் 9-ஐ நிறுவ மூன்று சிடி வேண்டும். 2005-ல் வந்த டெபியன் 3.1 முழுசாக 14 சிடி.

அப்போது இதற்கு வழி கண்டுபிடித்தது பத்திரிகைகள். பிசிக்வெஸ்ட் இதழ் 1996-ல் அதுல் சிட்னிஸின் முயற்சியில் அட்டையோடு லினக்ஸ் சிடியைக் கொடுத்தது. இந்தியாவில் அந்தத் தலைமுறையில் லினக்ஸுக்கு வந்த பலரும் அந்த சிடி வழியாக வந்தவர்கள்தான். 2003-ல் தொடங்கிய லினக்ஸ் ஃபார் யூ, மாதாமாதம் சிடியோடு வந்தது. மதுரை மாதிரி ஊரில் பத்திரிகைக் கடையில் ஒருத்தர் வாங்கினால், அந்த சிடி நாலு கை மாறும். போடி, தேனி, கம்பம் மாதிரி ஊர்களுக்கு இணையம் என்பதே பஸ்ஸில் வந்த காலம் அது. சட்டப்படியே நகல் எடுத்துக் கொடுக்கக்கூடிய சிடி என்பதுதான் இதில் புதுசு. விண்டோஸ் சிடியும் கை மாறியது. ஆனால் அது மார்க்கர் பேனாவில் சீரியல் எண் எழுதிய திருட்டு நகல். லினக்ஸ் சிடியை நகல் எடுத்துக் கொடுப்பது ஜிபிஎல் உரிமமே தருகிற உரிமை.

2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. அவர்கள் ‘ஷிப்இட்’ என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். இணையத்தில் முகவரி கொடுத்தால், உலகத்தின் எந்த மூலைக்கும் சிடி தபாலில் வரும், ஒரு பைசா கிடையாது. பின்கோடு இருந்தால் போதும். 2011 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அந்த அட்டை உறை சிடியை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர்.

இடையில் 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. வேகம் 256 கிலோபிட். சின்னத் திட்டங்களில் மாதம் முழுவதற்கும் கொடுத்த அளவே ஒரு சிடியின் கொள்ளளவுக்குக் குறைவு. ஆனால் மாதம் 500 ரூபாய் திட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. இப்போது மறுபடி கணக்குப் போடுங்க. 700 எம்பியை 256 கிலோபிட்டில் இறக்க ஆகும் நேரம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்! ஒரு ராத்திரிக்கு ஒரு சிடி. கரன்ட் போகாமல் இருந்தால். அலாரம் வைத்து ரெண்டு மணிக்கு எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுத் தூங்கியவர்களின் தலைமுறை ஒன்று உண்டு. பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற டவுன்லோடு மேனேஜர்களும் டொரென்டும் அவர்களுக்குத் தெய்வம்.

நகல் சரியா என்று எப்படித் தெரியும்?

ஏழெட்டுக் கை மாறி வந்த சிடியை, நாலு தடவை அறுந்து ஒட்டிய டவுன்லோடை எப்படி நம்புவது? இந்தச் சிக்கல் நமக்குப் புதுசு இல்லை. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய காலம் முழுக்க இதே கவலைதான். ஒரு ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏடு எழுதும்போது ஒரு கொம்பு விடுபடும், ஒரு சொல் மாறும். அடுத்தவர் அந்தப் பிழையையும் சேர்த்துப் படி எடுப்பார். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, பாடபேதங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். ஒரே ஒரு ஏட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது சரியா என்று சொல்ல அவருக்கு வழி இல்லை.

ஐஎஸ்ஓ ஃபைலுக்கு அந்த வழி உண்டு. ஃபைலில் உள்ள எல்லா பிட்டையும் ஒரு கணக்குக்குள் செலுத்தினால் கடைசியில் ஒரு சின்ன எண் வரும். எம்டி5 முறையில் 32 எழுத்து, இப்போது புழங்குகிற ஷா-256 முறையில் 64 எழுத்து. கோடிக்கணக்கான பிட்டில் ஒன்று மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிப்போகும். லினக்ஸ் வெளியிடுகிறவர்கள் ஐஎஸ்ஓவோடு இந்த எண்ணையும் வெளியிடுவார்கள். உங்களிடம் இருக்கிற ஃபைலில் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். யார் கொடுத்தார், எந்த வழியில் வந்தது என்பதெல்லாம் முக்கியமே இல்லை. போடி பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாத ஒருவர் கொடுத்த பென் டிரைவில் இருந்தாலும், எண் ஒத்துப்போனால் அது அசல்.

ஆனால் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். 2016 பிப்ரவரி 20-ல் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, டவுன்லோடு சுட்டியை உளவு வேலை செய்கிற வேறொரு ஐஎஸ்ஓவுக்குத் திருப்பி விட்டார்கள். தளமே கைமாறும்போது அதில் இருக்கிற எண்ணையும் மாற்றலாம் இல்லையா? அதனால்தான் எண்ணுக்கு மேலே மின்கையொப்பமும் வைக்கிறார்கள்.

ஆக, தொலைதூரத்து ஊருக்கு நகல் கொண்டுபோவதில் இருந்த இரண்டு சிக்கலும், அதாவது கொண்டுபோவதும் நம்புவதும், 2005-க்குள் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது மூன்றாவது சிக்கல்: அதை யார், எதற்காக இன்ஸ்டால் பண்ண வேண்டும்? இங்கேதான் மலையின் இரண்டு பக்கமும் பிரிகிறது.

கிழக்குச் சரிவு: மெனுவில் இரண்டாவது வரி

தமிழ்நாட்டில் லினக்ஸுக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990-களின் கடைசியிலிருந்து இயங்குகிறது. மாதாந்திரக் கூட்டம் பல வருஷம் ஐஐடி மெட்ராஸில் நடந்தது. தமிழ் எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. 2000-க்குப் பிறகு கேடிஈ, க்னோம் ஆகிய திரைமுகங்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தமிழாக்கினார்கள். 2012 ஜனவரியில் த. சீனிவாசன் தொடங்கிய கணியம் இதழ், லினக்ஸ் பற்றித் தமிழிலேயே படிக்க வழி செய்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2005-ல் மத்திய அரசு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை (என்ஆர்சிஃபாஸ்) சென்னையில்தான் அமைத்தது. சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் அதை நடத்தின. அங்கிருந்து 2007 ஜனவரியில் வந்ததுதான் பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும்படி செய்தது. அதே காலத்தில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐஏஎஸ், அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றினார்.

பிறகு வந்தது பெரிய சம்பவம். 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படிப்பவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லேப்டாப். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல் என்று திட்டமிட்டார்கள். எல்காட் வாங்கிய அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் பண்ணினால் ஒரு மெனு வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

யோசித்துப் பாருங்க. லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணுவதில் மிகக் கஷ்டமான வேலை எது? ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது. இருக்கிற விண்டோஸ் போய்விடுமோ, போட்டோவெல்லாம் அழிந்துவிடுமோ என்கிற பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பின்வாங்குவார்கள். அந்த வேலையை அரசே முடித்து, லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் கொடுத்தது. டவுன்லோடு வேண்டாம், சிடி வேண்டாம், பயாஸில் எஃப்2 தட்ட வேண்டாம். மெனுவில் ஒரு வரி கீழே இறங்கி என்டர் தட்டினால் போதும். உலகத்தில் லினக்ஸை இவ்வளவு பெரிய அளவில் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்த அரசுத் திட்டங்கள் ரொம்பக் குறைவு.

ஆனால் அந்த வரியைத் தட்ட ஒரு காரணம் வேண்டுமே? பாடப்புத்தகத்தில் காரணம் இல்லை. அப்போதைய பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. அது சன் நிறுவனத்தின் மென்பொருள், ஓப்பன் ஆபீஸின் உடன்பிறப்பு. நல்ல தேர்வுதான். ஆனால் அது விண்டோஸிலேயே ஓடும். சி++ பாடத்துக்குப் பல லேப்களில் டர்போ சி++. அதுவும் டாஸ், விண்டோஸ் உலகத்துச் சரக்கு. செய்முறைத் தேர்வில் லினக்ஸ் தெரிந்தால் ஒரு மார்க் கூட வராது, தெரியாவிட்டால் ஒரு மார்க் போகாது. வைஃபை கிடைக்கவில்லை, பிரிண்டர் தெரியவில்லை என்றால் கேட்க ஆள் கிடையாது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் அவர்களுக்குத் தெரிந்தது விண்டோஸ். டிஸ்க்கில் இடம் வேண்டும் என்றால் முதலில் துடைக்கப்படுவது பாஸ் இருந்த பகுதிதான்.

2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், பதினோராம் வகுப்பு கணினிப் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் இடம்பிடித்தன. லேப்டாப் வந்து ஏழு வருஷம் கழித்துத்தான் அதில் இருந்த இரண்டாவது வரிக்கான பாடம் வந்தது.

மேற்குச் சரிவு: தேர்வு என்கிற கட்டாயம்

இப்போது மெட்டுக்கு அந்தப் பக்கம் போவோம். கேரளம் 2001-ல் ஐடி@ஸ்கூல் என்கிற திட்டத்தைத் தொடங்கியது. யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்தது அது. அதே 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது, ஸ்டால்மனே வந்திருந்தார்.

அங்கேயும் எடுத்த எடுப்பில் லினக்ஸ் வந்துவிடவில்லை. தொடக்கத்தில் பாடம் விண்டோஸைச் சார்ந்துதான் இருந்தது. அரசுப் பாடம் ஒரு கம்பெனியின் பொருளைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுவதா என்று ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அந்தச் சண்டையின் விளைவாகத்தான் திசை மாறியது. 2000-களின் நடுவில் ஐடி பாடம் எஸ்எஸ்எல்சி தேர்வுப் பாடம் ஆனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாடத்திலிருந்தும் பள்ளி லேப்களிலிருந்தும் விண்டோஸ் வெளியேறியது.

இதில் இரண்டு முடிவுகள் முக்கியம். ஒன்று, பள்ளிகளுக்கென்றே தனி ஐஎஸ்ஓ. முதலில் டெபியனையும் பிறகு உபுண்டுவையும் அடிப்படையாக வைத்து, பாடத்துக்கு வேண்டிய ஜியோஜீப்ரா, கால்சியம், ஜிகாம்ப்ரிஸ் மாதிரி மென்பொருள்களை உள்ளேயே சேர்த்து, ஒரே இமேஜாக வெளியிட்டார்கள். ஆசிரியர் தனித்தனியாக எதையும் தேடிப் போட வேண்டியதில்லை. இரண்டு, ஐடி தேர்வை நடத்துகிற மென்பொருளே அந்த லினக்ஸில்தான் ஓடும். இங்கதான் விஷயமே இருக்கு. தேர்வு நாள் வரும்போது லேபில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அது இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் தேர்வு நடக்காது. அதற்காக ஒவ்வொரு பள்ளியிலும் ஐடி பொறுப்பு ஆசிரியர் ஒருவரை வைத்து, அவருக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பொறுப்பில் இருப்பவர் பொறியாளரோ கணினிப் பட்டதாரியோ ஆக வேண்டும் என்பதில்லை. வேறு பாடம் நடத்துகிறவருக்கும் டிஸ்க்கைப் பிரிக்கத் தெரிய வேண்டியதாயிற்று.

இடுக்கி மலையில் தமிழ் வழியில் நடக்கிற அரசுப் பள்ளிகள் உண்டு. கேரள அரசு அவர்களுக்காக ஐசிடி பாடப்புத்தகத்தைத் தமிழிலேயே அச்சிடுகிறது. அதாவது, லினக்ஸைப் பள்ளிப் பாடமாகத் தமிழில் படித்த பிள்ளைகளில் ஒரு முதல் கூட்டம் மதுரையிலோ சென்னையிலோ இல்லை, ஏலமும் தேயிலையும் விளைகிற மலையில், கேரளத்தில் இருந்தது. பெற்றோர்களின் சொந்த ஊர் பலருக்குக் கீழே தேனி மாவட்டத்தில்.

2017-ல் ஐடி@ஸ்கூல், கைட் என்கிற அரசு நிறுவனமாக மாறியது. 2018-ல் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்குகிற திட்டம். எல்லாம் லினக்ஸில். மாணவர்களுக்கு லிட்டில் கைட்ஸ் என்று மன்றங்கள். செப்டம்பரில் வருகிற மென்பொருள் சுதந்திர தினத்தன்று, லேப்டாப்பைக் கொண்டுவருகிற பொதுமக்களுக்கு இலவசமாக லினக்ஸ் போட்டுக் கொடுக்கிற முகாம்களையும் கைட் நடத்தியிருக்கிறது.

ஆளுக்குப் பாதி

இதைப் படித்துவிட்டு ‘அங்க நல்லது, இங்க கெட்டது’ என்று முடித்துவிடக்கூடாது. கேரளம் லினக்ஸைப் பள்ளிக்குக் கொடுத்தது. மணி அடித்து வீட்டுக்குப் போனால், பல பிள்ளைகளின் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. தமிழ்நாடு கம்ப்யூட்டரைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தது. இரவு பத்து மணிக்கும் அது அவர்களோடு இருந்தது. தோட்டக் கூலி வேலைக்குப் போகிற ஒரு வீட்டில் சொந்தமாக ஒரு லேப்டாப் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று போடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஆசிரியரும் பாடமும் தேர்வும் இருந்தது, வீட்டில் கருவி இல்லை. மறுபக்கம் கருவி இருந்தது, கற்றுத்தர ஆள் இல்லை. இரண்டும் ஒரே மலையில் நடந்தது. இரண்டையும் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி.

ஏன் உறுத்த வேண்டும், எந்த சிஸ்டத்தில் படித்தால் என்ன என்று கேட்கலாம். சும்மா பயன்படுத்துகிறவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் இன்ஸ்டால் பண்ணத் தெரிந்தவருக்கு உண்டு. இன்றைக்கு உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். அதைவிட முக்கியம், தன் கருவியில் என்ன ஓட வேண்டும் என்று தானே முடிவு செய்து, அழித்து, மறுபடி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கருவி மேல் பயம் போய்விடுகிறது. அந்தத் தைரியத்தை விலையில்லாமல் கொடுக்க முடியாது, பழக்கித்தான் கொடுக்க முடியும்.

இப்போது என்ன நிலை?

டவுன்லோடு ஒரு பிரச்சினையே இல்லை என்று ஆகிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, முன்பு ஒரு ராத்திரி முழுக்க இறக்கிய ஃபைல், டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடுகிறது. சிடியும் போய்விட்டது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10-லேயே இமேஜ் 700 எம்பி சிடியில் அடங்காமல் போனது. இப்போது பென் டிரைவ்தான். ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருள் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதிக் கொடுத்துவிடும். வென்டாய் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பென் டிரைவில் ஒரு தடவை போட்டுவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சும்மா காப்பி பண்ணிப் போட்டாலே போதும், எது வேண்டும் என்று மெனு காட்டும். புதியவர்கள் அன்றைக்கு சிடியில் தப்பாகச் செய்தது, இன்றைக்குச் சரியான வழியாகிவிட்டது!

தடைகள் வேறு உருவத்தில் வந்திருக்கின்றன. 2012-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் செக்யூர் பூட் என்று ஒரு பூட்டு இருக்கிறது. பெரிய லினக்ஸ்கள் அதற்குச் சாவி வைத்திருக்கின்றன, சின்னவை சிலவற்றுக்கு அதை அணைத்தாக வேண்டும். அதோடு, இணையம் என்றாலே போன் என்று ஆன பிறகு, சிஸ்டத்தை மாற்றலாம் என்கிற எண்ணமே பலருக்கு வருவதில்லை.

ஆனால் பழைய சரக்கு இன்னும் வீட்டில் கிடக்கிறது. 2011-ல் தொடங்கிக் கொடுத்த லேப்டாப்கள், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் வகையறா, பரண் மேலும் பீரோவுக்குள்ளும் இருக்கின்றன. அதில் இருந்த விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. பிறகு வந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ அந்தப் பழைய வன்பொருள் ஏற்காது. எல்எக்ஸ்டிஈ, எக்ஸ்எஃப்சிஈ மாதிரி இலகுவான திரைமுகம் கொண்ட ஒரு லினக்ஸை அது தாங்கும். தட்டச்சு, கணக்கு, நிரல் பழக அது போதும். ஒரு 8 ஜிபி பென் டிரைவ், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முக்கியமான போட்டோ, சான்றிதழ் எல்லாம் முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். ஐஎஸ்ஓவின் ஷா-256 எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். நேராக இன்ஸ்டால் பண்ணாமல், பென் டிரைவிலிருந்தே ‘லைவ்’ முறையில் ஓட்டி, வைஃபையும் ஸ்பீக்கரும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் கருவியோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதைத் திறந்து பார்க்க யார் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்? போடிக்காரர்கள் இதற்குப் பதில் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. 17 வளைவு ஏறினால், அந்தப் பக்கம் ஏதாவது ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஐடி பொறுப்பு வாத்தியார் ஒருவர் இருப்பார். அவரிடம் பென் டிரைவும் இருக்கும்.